வன்னி மரத்தடியில் கம்பு

புன்செய் நிலத்தின் நடுவே ஒரு மரம் நிற்கிறது. அதன் அடியில் பயிர் எப்படி வரும்?

எங்கள் வகுப்பில் இதைக் கேட்டேன். ஒரு பெரியம்மா உடனே பதில் சொன்னார்.

"நிழலடிச்ச இடத்துல பயிர் ஏதுப்பா? சுணங்கித்தான் போகும். புளிய மரத்தடியைப் பாரு. புல்லுகூட ஒழுங்கா முளைக்காது."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். பெரியம்மா சொன்னது உண்மைதான். வரப்பில் ஒருவர் மரம் வைத்தால் பக்கத்து நிலக்காரர் சண்டைக்கு வருவது இதனால்தான்.

ஆனால் நம் நாட்டிலேயே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரும். "மரத்தடியில் கம்பு நன்றாக வரும்" என்பார்கள். நிலத்தின் நடுவே நிற்கும் மரத்தை அவர்கள் வெட்ட மாட்டார்கள். சுற்றி உழுவார்கள். மரத்தின் அடிவரை விதைப்பார்கள்.

அது ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்குப் பகுதி. அதைத் தார் பாலைவனம் என்கிறோம்.

ஒரு சாண் மழை

பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று நினைக்க வேண்டாம். தார் பாலைவனத்தில் ஊர்கள் உண்டு. ஆடு, மாடு, ஒட்டகம் உண்டு. கம்பு, நரிப்பயறு, கொத்தவரை, எள் எல்லாம் விளைகின்றன. உலகில் மக்கள் நெருக்கமாக வாழும் பாலைவனங்களில் இதுவும் ஒன்று.

அங்கே இல்லாதது மழைதான். ஜெய்சல்மேர் பக்கம் ஓர் ஆண்டில் பெய்யும் மழை 20 சென்டிமீட்டர்கூட இல்லை. அந்த மழையை எல்லாம் சிந்தாமல், காயாமல் ஒரு தொட்டியில் பிடித்து வைத்தால் ஒரு சாண் உயரம் வராது. சென்னையில் ஓர் ஆண்டில் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிறது. அதைப் பிடித்து வைத்தால் நம் கழுத்தளவு வரும்.

அந்த ஒரு சாண் மழையும் ஆடி, ஆவணி, புரட்டாசியில் பெய்தால் உண்டு. மற்ற மாதங்களில் வெயில்தான். ஜோத்பூருக்கு வடக்கே பலோடி என்ற ஊர் இருக்கிறது. 2016 மே 19-ஆம் தேதி அங்கே வெப்பம் 51 டிகிரியைத் தொட்டது. நிழலில் வைத்து அளந்த கணக்கு இது. வெயிலில் கிடக்கும் மணல் இன்னும் சுடும். 60 டிகிரிக்கு மேலும் போகும். செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

இந்த மணலில் ஒரு விதை விழுகிறது என்று வையுங்கள். மழை வந்து முளைத்தும் விடுகிறது. பிறகு என்ன ஆகும்? இரண்டு நாள் வெயிலில் மேல் மண் காய்ந்துவிடும். முளையின் வேர் இன்னும் விரல் நீளம்கூடப் போயிருக்காது. காற்று வேறு மணலை வாரி அடிக்கும். ஓரிடத்தில் முளையை மூடிவிடும். இன்னோர் இடத்தில் வேர் தெரியும்படி மண்ணைப் பறித்துவிடும். இதற்கெல்லாம் தப்பித்து இரண்டு இலை விட்டால், ஆடு வந்து மேய்ந்துவிடும்.

அப்படியானால் அங்கே செடி கொடிகள் எப்படித்தான் பிழைக்கின்றன?

முள் புதரின் மடி

தார் பாலைவனத்தில் ஒரு சிறு இலந்தை வகை உண்டு. மரமாக வளராது. இடுப்பளவு முள் புதராக இருக்கும். அங்கே அதை போர்டி என்கிறார்கள். பழம் சிறியது. பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். இலையைக் காயவைத்து ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுவார்கள்.

வெட்டவெளியில் ஒரு முளையும் இல்லாத இடத்தில்கூட, இந்தப் புதருக்குள் எட்டிப் பார்த்தால் பச்சை தெரியும். புல் இருக்கும். வேறு ஏதாவது செடியின் கன்று இருக்கும்.

காரணம் கேளுங்கள். புதரின் நிழலில் மணலின் சூடு பத்துப் பதினைந்து டிகிரி குறைந்துவிடும். அதனால் ஈரம் சீக்கிரம் காயாது. காற்று புதரில் மோதி வேகம் குறையும். அது சுமந்து வந்த மண்ணும், சருகும், விதையும் அங்கேயே விழும். சருகு மக்கி உரமாகும். பழம் தின்ன வரும் பறவை எச்சமிடும். எச்சத்தில் வேறு விதைகள் இருக்கும். ஆடு வாயை நீட்டினால் முள் குத்தும். வெயில், காற்று, ஆடு மூன்றுக்கும் அந்த ஒரு புதரே வேலியாகிவிடுகிறது.

பெற்ற தாய் அல்லாமல் எடுத்து வளர்ப்பவளைச் செவிலித்தாய் என்கிறோம் அல்லவா? இப்படி வேறு இனத்துக் கன்றை வளர்த்துவிடும் செடியை விஞ்ஞானிகள் செவிலிச் செடி என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். நல்ல பெயர்.

இந்த வித்தையை மனிதர்களும் பயன்படுத்துகிறார்கள். ஜோத்பூரில் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் 1959 முதல் இருக்கிறது. நகர்ந்து கொண்டே இருக்கும் மணல் மேடுகளை நிறுத்த அது ஒரு வழியைப் பரப்பியது. முதலில் காய்ந்த முள்ளையும் புதர்க் கிளைகளையும் மணலில் புதைத்து நட வேண்டும். தாயம் ஆடும் கட்டம் போலக் குறுக்கும் நெடுக்கும் வரிசையாக நட வேண்டும். காற்று தடைபட்டு மணல் நிற்கும். பிறகு கட்டங்களுக்குள் புல்லும் மரக்கன்றும் வைக்க வேண்டும். வெட்டிப் போட்ட காய்ந்த முள்கூடச் செவிலி வேலை செய்கிறது, பாருங்கள்.

நமக்கும் தெரிந்த மரம்

இனி நிலத்தின் நடுவே நிற்கும் மரத்துக்கு வருவோம். ராஜஸ்தானில் அதற்குக் கேஜ்ரி என்று பெயர். 1983-இல் அதை மாநில மரமாக அறிவித்தார்கள். நமக்கும் அது அன்னியமான மரம் அல்ல. தமிழில் அதன் பெயர் வன்னி. சில சிவன் கோயில்களில் தல மரமாக நிற்கிறதே, அதேதான். நாம் சுற்றி வந்து கும்பிடுகிறோம். அவர்கள் அதன் அடியில் விதைக்கிறார்கள்.

வன்னிக்குச் சிறு சிறு இலைகள். அதனால் அதன் நிழல் சல்லடை போல இருக்கும். வெயில் துளித் துளியாக உள்ளே விழும். பயிருக்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்கும். சுடும் வெயில் மட்டும் தணியும். புளிய மரம் அப்படி அல்ல. அது போடுவது கெட்டி நிழல். பெரியம்மா சொன்ன மரமும் ராஜஸ்தான்காரர் சொல்லும் மரமும் வேறு வேறு. இரண்டு பேரும் அவரவர் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது வேர். வன்னியின் ஆணிவேர் நேரே கீழே போகும். 30 மீட்டர், அதாவது சுமார் 100 அடி ஆழம்வரை போவது உண்டு. நம் ஊர்க் கிணறுகள் பலவற்றைவிட ஆழம். கம்பின் வேர் மேல் மண்ணில் குடிக்கிறது. வன்னி பெரும்பாலும் ஆழத்தில் குடிக்கிறது. இருவருக்கும் ஒரே குடத்தில் சண்டை இல்லை.

ஆழத்தில் வேர் விடும் சில செடிகள் இன்னொன்றும் செய்கின்றன. இரவில் கீழே இருந்து நீரை இழுத்து மேல் மண்ணில் கொஞ்சம் கசிய விடுகின்றன. பக்கத்தில் உள்ள சிறு செடிகள் அதை உறிஞ்சிக் கொள்கின்றன. 1980-களில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஒரு புதர்ச் செடியில் இதைக் கண்டார்கள். பிறகு வேறு நாடுகளில் வேறு பல செடிகளிலும் கண்டார்கள். வேண்டுமென்று கொடுப்பது அல்ல இது. ஈரமான இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்கு நீர் தானே நகர்கிறது. வேர் அதற்கு ஒரு குழாய் ஆகிறது.

உரத்துக்கு வருவோம். உளுந்து, துவரை, நிலக்கடலை வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் தெரியும். அந்த முடிச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. அவை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. வன்னியும் அந்தக் குடும்பத்து மரம்தான். இதோடு இலைச் சருகும் சேர்கிறது. மதியம் நிழலுக்கு ஒதுங்கும் ஆடு மாடுகளின் சாணமும் புழுக்கையும் சேர்கின்றன. ஆண்டு ஆண்டாகச் சேர்ந்ததால் வன்னியின் அடி மண்ணில் வெளி மண்ணைவிடச் சத்து அதிகம். மண்ணை எடுத்துச் சோதித்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். யூரியா மூட்டை வாங்க முடியாத விவசாயிக்கு இது சும்மா கிடைக்கும் உரம்.

நிழலின் அருமையை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு டப்பாக்களில் ஒரே அளவு மணல் போடுங்கள். இரண்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றை வெயிலில் வையுங்கள். இன்னொன்றை வேம்பின் நிழலில் வையுங்கள். மறுநாள் விரலை விட்டுப் பாருங்கள். எத்தனை விரல் ஆழத்தில் ஈரம் படுகிறது என்று எழுதி வையுங்கள்.

வன்னி மனிதருக்குக் கொடுப்பதும் அதிகம். அதன் இளங்காயை சாங்கிரி என்கிறார்கள். காயவைத்து ஆண்டு முழுவதும் சமைப்பார்கள். கெர் என்ற புதரின் காயோடு சேர்த்துச் செய்யும் கறி அந்தப் பக்கத்தில் பேர் போனது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. 1899, 1900 ஆண்டுகளில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது வன்னிப் பட்டையை இடித்து மாவாக்கித் தின்று உயிர் பிழைத்தவர்கள் உண்டு.

இந்த மரத்துக்காக உயிர் விட்டவர்களும் உண்டு. ஜோத்பூர் அருகே கேஜர்லி என்ற ஊர். 1730-இல் அரசரின் ஆட்கள் அங்கே வன்னி மரங்களை வெட்ட வந்தார்கள். மாளிகை கட்டச் சுண்ணாம்பு சுட வேண்டும், அதற்கு விறகு வேண்டும் என்றார்கள். அந்த ஊர் பிஷ்னோய் மக்கள் பச்சை மரத்தை வெட்டுவது பாவம் என்று நம்புகிறவர்கள். அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை வெட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்து நின்றார்கள். மொத்தம் 363 பேர் இறந்தார்கள் என்று அந்த மக்கள் இன்றும் நினைவு கூர்கிறார்கள்.

உதவிக்கும் ஒரு கணக்கு உண்டு

இதைப் படித்துவிட்டுச் செடிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு என்று நினைத்துவிடக் கூடாது. செடிக்கு மனசு கிடையாது. தன் பிழைப்பைத்தான் ஒவ்வொன்றும் பார்க்கிறது. ஒன்றின் பிழைப்பு இன்னொன்றுக்கு உதவியாக அமைகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சொனோரா என்று ஒரு பாலைவனம். அங்கே சகுவாரோ என்ற கள்ளி உண்டு. 40 அடி உயரம் வளரும். 150 ஆண்டுக்கு மேலும் வாழும். ஆனால் முதல் எட்டு ஆண்டுகளில் அது ஒன்றரை அங்குலம்தான் வளர்ந்திருக்கும்! அந்த வயதில் வெட்டவெளியில் நின்றால் செத்துவிடும். பாலோ வெர்தே என்ற மரத்தின் அடியில்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. பல பத்து ஆண்டுகள் கழித்துக் கள்ளி மரத்தைவிட உயரமாகிவிடும். மழை பெய்தவுடன் மேல் மண்ணின் நீரைக் கள்ளியின் வேர் முந்திக் குடித்துவிடும். வளர்த்துவிட்ட மரம் நாளடைவில் பட்டுப்போவதும் உண்டு.

ஆக, கன்றாக இருக்கும்போது உதவி. வளர்ந்த பிறகு போட்டி. அதேபோல் மழை குறைந்த ஆண்டில் நிழல் உதவி. மழை நிறைந்த ஆண்டில் அதே நிழல் தடை. வறட்சி கூடக் கூடத்தான் செவிலியின் அருமை தெரியும்.

ராஜஸ்தான் விவசாயிக்கு இந்தக் கணக்குப் பள்ளியில் படிக்காமலே தெரியும். ஆண்டுதோறும் பனிக்காலத்தில் வன்னியின் கிளைகளைக் கழிப்பார். ஆட்டுக்கு இலை கிடைக்கும். அடுப்புக்குச் சுள்ளி கிடைக்கும். நிழல் கெட்டியாகாமலும் இருக்கும். மரங்கள் நெருக்கமாக வளர்ந்தால் சிலவற்றை எடுத்துவிடுவார். மரம் விட்டு மரம் தள்ளி இருந்தால்தான் கம்புக்கு லாபம்.

சீமையிலிருந்து வந்தது

எல்லா மரமும் எல்லா ஊரிலும் செவிலி ஆகிவிடாது. இதற்குச் சான்று தேட நாம் வெகுதூரம் போக வேண்டாம். சீமைக் கருவேலம் இருக்கிறதே!

ராஜஸ்தானிலும் அது இருக்கிறது. அங்கே அதற்கு விலாயதி பபூல் என்று பெயர். விலாயதி என்றால் சீமை. பபூல் என்றால் கருவேலம். ஒரே பெயரைத்தான் இரண்டு மொழியில் வைத்திருக்கிறோம். அது வன்னிக்குச் சொந்தக்கார மரம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பாலைவனத்தைப் பச்சையாக்கும் என்று நம்பி நட்டார்கள். 1940-இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதை ராஜ மரம் என்று அறிவித்துக் காக்கச் சொன்னது. விறகு கொடுத்தது உண்மை. ஆனால் அது பரவிய இடத்தில் மற்ற செடிகள் குறைந்தன.

ஆய்வாளர்கள் சிலர் மரத்தடியில் எத்தனை வகைச் செடிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். முடிவு 2012-இல் வெளிவந்தது. இந்தியாவில் சீமைக் கருவேலத்தின் அடியில் செடி வகைகள் மிகவும் குறைந்திருந்தன. வன்னியின் அடியில் அந்த அளவு குறையவில்லை. சீமைக் கருவேலத்தின் சருகில் உள்ள பொருள்கள் மற்ற விதைகளை முளைக்க விடாமல் தடுக்கின்றன.

ஒன்று மட்டும் வியப்பு. அதே மரத்தை அதன் சொந்த நாடான வெனிசுவேலாவில் போய்ப் பார்த்தார்கள். அங்கே அதன் அடியில் செடி வகைகள் கூடுதலாக இருந்தன! அங்குள்ள செடிகள் அதனோடு பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகியவை. நம் செடிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மரத்தை மட்டும் பெயர்த்துக் கொண்டு வரலாம். பழக்கத்தைக் கொண்டுவர முடியாது.

செவிலிக்கு வந்த கேடு

இன்று வன்னி மரங்கள் பல இடங்களில் பட்டுப்போகின்றன. ஒரு காரணம் என்று சொல்ல முடியாது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. வேரைத் துளைக்கும் வண்டுப் புழு வருகிறது. வேரை அழுக வைக்கும் பூஞ்சை வருகிறது. தீனிக்காக ஒரு கிளையும் விடாமல் மொட்டையடித்தால் மரம் இளைத்துப் போகிறது. இளைத்த மரத்தைத்தான் நோய் எளிதில் பிடிக்கிறது.

டிராக்டரும் ஒரு காரணம். முன்பு ஒட்டகமோ மாடோ பூட்டி உழுதார்கள். சாலில் ஒரு வன்னிக் கன்று தெரிந்தால் ஏரைச் சற்றுத் தூக்கி விலக்கிப் போவார்கள். டிராக்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அரை அடிக் கன்று கண்ணில் படாது. பட்டாலும் நிறுத்த நேரம் இல்லை, வாடகை மணிக்கணக்கில் ஏறுகிறது. பெரிய மரங்கள் சாகின்றன, இடத்தை நிரப்பக் கன்றுகள் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இது பூச்சியைவிடப் பெரிய கேடு என்பது என் எண்ணம்.

அண்மை ஆண்டுகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிகானேர், ஜெய்சல்மேர், பார்மேர் பக்கம் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பெரிய நிலையங்கள் வருகின்றன. வெயிலுக்குப் பஞ்சம் இல்லாத ஊர்கள் அல்லவா? தகடுகள் மேல் நிழல் விழக் கூடாது. அதனால் வன்னி மரங்களை வெட்டுகிறார்கள். இதை எதிர்த்துப் பிஷ்னோய் மக்களும் விவசாயிகளும் போராடி வருகிறார்கள். மின்சாரம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மரம் நிற்கும் இடத்தை விட்டுத் தகட்டை வைக்கச் சொல்கிறார்கள்.

புது மரம் வைக்கவும் வழி தேடியிருக்கிறார்கள். வன்னி மெதுவாக வளரும் மரம். விதை போட்டவர் காய் பறிக்க வெகுகாலம் காத்திருக்க வேண்டும். பிகானேரில் உள்ள வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனம் 'தார் ஷோபா' என்று ஒரு வன்னி வகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது. அதில் முள் இல்லை. ரோஜாவில் மொட்டு ஒட்டுவது போல இதையும் ஒட்டுக் கட்டி வளர்க்கிறார்கள். சில ஆண்டுகளிலேயே காய்க்கிறது. காய்ந்த சாங்கிரி சந்தையில் கிலோ பல நூறு ரூபாய்க்குப் போகிறது. அதனால் வாங்கி நடுகிறார்கள்.

முள் இல்லாத கன்று என்றால் ஆட்டுக்குக் கொண்டாட்டம்தானே? அதனால் நட்டவுடன் போர்டி முள்ளை வெட்டி வந்து அதைச் சுற்றி அடைக்கிறார்கள். முள் மட்கி உதிரும்போது கன்று ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும்.